மடம் மூடியது, மன்றம் திறந்தது

மதத்தின் பிடியிலிருந்து கலையை மீட்க முடியுமா? மீட்டபின் அக்கலை உயிரோடு இருக்குமா? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடுவோர் துருக்கி நாட்டைப் பார்க்க வேண்டும். நாமும் பார்த்தோம், ஏட்டில் படித்தோம், படப்பதிவில் கண்டோம், செவியாரக் கேட்டோம்.

1925ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் துருக்கிக் குடியரசு ஒரு சட்டம் செய்தது. சூஃபி மடங்களுக்குப் பூட்டு! ஷேக், தர்வேஷ் என்னும் பட்டங்களுக்குத் தடை! சமாதிக் கூடங்களுக்கு அடைப்பு! மடம் வெறும் தொழுகையிடமாக இருந்திருந்தால் கமால் பாட்சாவின் ஆட்சி அதன்மேல் கைவைத்திருக்குமோ என்னவோ. அது ஆணையிடும் பீடமாகவும் இருந்தது. குருவின் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்று பழகியவர்கள் குடியரசின் குடிமக்களாவது எப்படி?

கோனியா நகரில், 1273 டிசம்பர் 17இல் மறைந்த பாரசீக மொழிக் கவிஞர் மௌலானா ஜலாலுத்தீன் ரூமியின் சமாதி இருக்கிறது. அவர் வழிவந்தோர் அமைத்ததே சுழலும் தர்வேஷ்களின் மெவ்லவி நெறி. பச்சைக் கூம்பு மாடம் ஓங்கிய அந்தத் தலைமை மடமும் மூடப்பட்டது, ஆனால் இடிக்கப்படவில்லை. 1927இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

மெவ்லவிகளின் சுழற்சிக்குச் 'செமா' என்று பெயர். 'நே' என்னும் நாணற்குழல் ஏங்குகிறது. 'குதூம்' என்னும் சிறு முரசு தாளம் சொல்கிறது. தலையில் உயர்ந்த கம்பளிக் குல்லாயுடன், கரும்போர்வையைக் களைந்து, வெள்ளாடையோடு எழுகிறார்கள். குல்லாய் ஆணவத்தின் கல்லறைக் கல்லாம்; வெள்ளாடை அதன் பிணத்துணியாம்! வலக்கை வானோக்க, இடக்கை மண்ணோக்க, இடக்காலை அச்சாக ஊன்றி இடப்புறமாகச் சுழல்கிறார்கள். வெண்ணிற ஆடை குடையென விரிகிறது.

காண்போர் இதனை ஆவேசம் என்பர். பயிற்சி என்போம் நாம்! மடத்தில் சேர்ந்தவன் 1001 நாள் தொண்டு செய்தான். சமையற்கூடத்திலேதான் அவன் பாடம் தொடங்கியது. பலகையில் ஓர் ஆணி. அதை இடக்கால் விரல்களுக்கிடையே கொண்டு சுழலக் கற்றான். தலை சுற்றி விழாமல் அவனைக் காத்தது அருளன்று, பழக்கம்.

1950களில், ரூமியின் நினைவுநாளையொட்டி, இச்சுழற்சியைக் கோனியாவில் பொதுமக்கள் முன் நிகழ்த்த அரசு இசைந்தது. பண்பாட்டுக் காட்சி என்ற பெயரில்தான். 1491இல் எழுந்த இஸ்தான்புல் கலத்தா மடம் 1975இல் அருங்காட்சியகமாயிற்று. அங்கும் செமா நிகழ்கிறது. ஆடவர் மட்டுமே சுழன்ற களத்தில், இன்று சில குழுக்களில் பெண்டிரும் சுழல்கின்றனர். 2008இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் செமா இடம்பெற்றது. 1925ஆம் ஆண்டுச் சட்டமோ இன்றும் நீங்கவில்லை. உலகம் போற்றும் கலை. உள்நாட்டில் சட்டம் ஒப்பாத நெறி!

வகுப்பில் இவ்வரலாற்றைச் சொன்னபோது மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, கடவுள் இல்லை என்பவர், கடவுளைப் பாடும் இசையைக் கேட்டு மகிழலாமா?" வகுப்பு சிரித்தது, நாம் சிரிக்கவில்லை. பகுத்தறிவு பேசும் ஒவ்வொருவரும் விடைசொல்லக் கடமைப்பட்ட கேள்வி அது.

நாம் சொன்ன விடை இது: நாணலை வெட்டியவன் மனிதன். துளையிட்டவன் மனிதன். மூச்சை அடக்கி ஊதப் பழகியவன் மனிதன். இத்ரி என்னும் 17ஆம் நூற்றாண்டு இசைப்புலவர் அமைத்ததாகப் போற்றப்படும் பாடலோடுதான் இன்றும் செமா தொடங்குகிறது. உழைத்தது மண், புகழ் மட்டும் விண்ணுக்கா? அருங்காட்சியகத்தின் வாயிலில் எவரும் நம் மதத்தைக் கேட்பதில்லை. எவர் காலிலும் விழச் சொல்வதில்லை. அங்கே நாம் சீடர் அல்லர், சுவைஞர்.

எனினும் இரண்டை மறத்தல் கூடாது. கோனியாவில் சமாதியின் முன் கைவிரித்து வேண்டி நிற்போர் இன்றும் உண்டு. பூட்டு, கதவை அடைக்கும். கருத்தை மாற்றுவது கல்வியே. சட்டம் ஒரு நாளில் செய்ததைக் கல்வி ஒரு தலைமுறை உழைத்தே நிலைநாட்ட வேண்டும். மற்றொன்று: உணவு விடுதிகளில், உண்போரின் பொழுதுபோக்குக்காக, நேரத்தைக் குறுக்கிச் சுழல்வோரும் உளர். மடத்துக்கு அடிமையாயிருந்த கலை சந்தைக்கு அடிமையாவதை விடுதலை என்று எப்படிச் சொல்வது?

இளைஞர்களே! புரோகிதன் தொட்டான் என்பதற்காகக் குழலை முறிக்க வேண்டாம். குழல் இனிக்கிறது என்பதற்காகப் புரோகிதனை மீண்டும் அழைக்கவும் வேண்டாம். இசைக்குச் செவி கொடுப்போம். எவருக்கும் சிந்தையை அடகு வைக்கமாட்டோம்.