பொருளாளரின் நோட்டு

வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, பித்தளை அண்டாவுக்கும் ஓடாத மிக்ஸிக்கும் நடுவே ஒரு நீள நோட்டு அகப்பட்டது. அட்டையில் என் கையெழுத்து: ‘கணித மன்றம் – வரவு செலவு – 1992 முதல்’. வெள்ளையடிக்க வந்தவர் கீழே டீ குடித்துக்கொண்டிருக்க, நான் ஏணியின் மூன்றாம் படியிலேயே உட்கார்ந்து அரைமணி நேரம் அதைப் படித்தேன்.

‘சாக்பீஸ் 2 பெட்டி. போஸ்ட் கார்டு 60 – ரூ. 9.00. கொண்டைக்கடலை 2 கிலோ. புளியங்கொட்டை – சும்மா கிடைத்தது.’

சும்மா கிடைத்ததை எதற்கு நோட்டில் எழுதினேன் என்று கேட்கலாம். செயலாளர் எழுதச் சொன்னார். “காசு கொடுக்காம வாங்கினதுதான் தம்பி நம்ம சொத்து. அதுக்குத்தான் கணக்கு வேணும்” என்றார்.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊரில் எல்லோருக்கும் சார். சுற்று வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கின் மேல் இருந்த பயத்தைப் போக்க அவர் ஆரம்பித்ததுதான் மன்றம். 34 உறுப்பினர்கள், ஆண்டுச் சந்தா 12 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போவது, பதினோரு மணிக்குச் சுண்டல் கொடுத்து முடிப்பது, அவ்வளவுதான் வேலைத்திட்டம். இளைய வாத்தியாராக இருந்த என்னைப் பொருளாளர் ஆக்கினார். முதல் மாதமே ஏழரை ரூபாய் இடித்தது. கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கியவன் நான். சார் எதுவும் சொல்லாமல் சட்டைப் பையிலிருந்து ஏழரை ரூபாயை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, “பாடம் வேற, கணக்கு வேற” என்று மட்டும் சொன்னார்.

வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வைத்தவரும் அவர்தான். ஐநூறு ரூபாய்கூட இல்லாத கணக்குக்கு எதற்கு இவ்வளவு பந்தோபஸ்து என்று அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

பொருளாளர் என்ற பதவிக்கு எங்கள் நாட்டுக் கணித வரலாற்றில் ஒரு கௌரவம் உண்டு என்று எனக்குச் சொன்னவரும் சார்தான். வி. ராமசாமி ஐயர் என்று ஒரு டெபுடி கலெக்டர். கச்சேரி வேலை, ஜமாபந்தி, முகாம் என்று அலைகிற உத்தியோகம். அதற்கு நடுவில் கணக்கு ஆர்வம் உள்ள நண்பர்களுக்குக் கடிதம் எழுதி, ஆளுக்குக் கொஞ்சம் சந்தா போட்டு, வெளிநாட்டுக் கணித ஏடுகளையும் புத்தகங்களையும் வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம் என்று கேட்டார். 1907-இல் இருபது பேருடன் அது ஒரு சங்கமாயிற்று. இன்றைக்கு இந்தியக் கணிதக் கழகம் என்கிறோமே, அதுதான்.

1910-இல் அவர் திருக்கோவிலூரில் இருக்கும்போது, கும்பகோணத்துப் பையன் ஒருவன் நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று கேட்டான். கொடுத்திருக்கலாம். அந்த அதிகாரம் அவருக்கு இருந்தது. நாலு பேர் நல்லதாகவே பேசியிருப்பார்கள். நோட்டைப் பார்த்த ராமசாமி ஐயர் வேலை கொடுக்கவில்லை. இந்தப் பையனை ரெவின்யூ இலாகாவின் அடிமட்டத்தில் போட்டு மூட அவருக்கு மனம் வரவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்துச் சென்னைக்கு, கணிதப் பேராசிரியர் சேஷு ஐயரிடம் அனுப்பினார். அங்கிருந்து அந்தப் பையன் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தான். ராவ் கழகத்தின் செயலாளர். மாதம் 25 ரூபாய் கைப்பணம் கொடுத்தார். பிறகு 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே மேலே இருந்தவர் எஸ். நாராயண ஐயர். அவர்தான் கழகத்தின் பொருளாளர்.

இந்த இடத்தில் சார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்.

அந்தப் பையன்தான் ராமானுஜன். இரவு நேரத்தில் அவரும் நாராயண ஐயரும் ஆளுக்கொரு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்களாம். ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். நடுவில் என்ன நடந்தது என்று இவருக்கு விளங்காது. எனக்கே புரியவில்லை என்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், என் அளவுக்கு இறங்கி வந்து இடையில் இன்னும் பத்துப் படி எழுது என்று கேட்பாராம். பெரிய மேதையிடம் தனக்குப் புரியவில்லை என்று கூச்சப்படாமல் சொன்ன மேலதிகாரி. கடைசி பெஞ்சுப் பிள்ளைக்காகப் பேசிய முதல் பொருளாளர் அவர்தான் என்பது என் கட்சி.

இந்த நால்வரையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒருவரும் அந்தப் பையனைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை. தன்னால் முடிந்த மட்டும் செய்து, அடுத்த ஆளிடம் கைமாற்றினார்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் என்று சங்கம் நடத்துகிறவர்களை நான் எடை போடுவது இந்தப் படிக்கல்லை வைத்துத்தான்.

சாருக்குக் குரு என்றால் பி.கே. சீனிவாசன். பி.கே.எஸ். என்றால் அந்தக் காலத்துக் கணக்கு வாத்தியார்களுக்குத் தெரியும். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர். ராமானுஜனோடு பழகியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களைத் தேடிப் பிடித்துக் கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டினார். அவை 1968-இல் இரண்டு தொகுதிகளாக வந்தன. வெளியிட்டது பல்கலைக்கழகமோ அரசோ அல்ல. அந்தப் பள்ளிக்கூடத்தின் எண் நண்பர் சங்கமும் பழைய மாணவர்களும். ராமானுஜன் வாழ்க்கையைப் பற்றிப் பின்னால் எழுதிய வெளிநாட்டார் முதற்கொண்டு எல்லோரும் அந்தத் தொகுதிகளிடம் கடன்பட்டவர்கள். 1993-இல் ராயபுரத்தில், ஏ.டி.பி. போஸ் என்ற கணித ஆசிரியரின் முயற்சியில், ராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைந்தது. அதை உருவாக்கிக் கவனித்துக்கொண்டவரும் பி.கே.எஸ்.தான். 1965-இல் தொடங்கித் திருவல்லிக்கேணியிலிருந்து இயங்கிவரும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்திலும் அவர் முன்னால் நின்றவர். 2005-இல் மறைந்தார்.

அவருடைய சொத்தில் எங்கள் சார் அதிகம் எடுத்தாண்டது காலண்டர் கணக்கு. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு நடுநிலைப் பள்ளி. ஏழாம் வகுப்பு. சார் ஜவுளிக்கடை மாதக் காலண்டர் ஒன்றைக் கரும்பலகை ஆணியில் மாட்டினார். மூன்றுக்கு மூன்றாக எந்த ஒன்பது கட்டத்தை வேண்டுமானாலும் மனசில் நினைத்துக்கொள்ளச் சொன்னார். “எல்லாத்துலயும் சின்ன நம்பரை மட்டும் சொல்லு.” ஒரு பையன் ஐந்து என்றான். “மொத்தம் 117” என்றார் சார், அடுத்த மூச்சில். பையன்கள் கூட்டிப் பார்த்தார்கள். 5, 6, 7, 12, 13, 14, 19, 20, 21. நூற்றுப் பதினேழேதான். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது.

அப்புறம் சார், “எப்படிச் சொன்னேன்?” என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் பேசவில்லை. இரண்டு நிமிஷம் இருக்கும். ஒரு வாத்தியாருக்கு வகுப்பில் இரண்டு நிமிஷ மௌனம் என்றால் உடம்பெல்லாம் அரிக்கும். நடு எண்ணை ஒன்பதால் பெருக்கினால் போதும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சார் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். “இருங்க தம்பி.”

மூன்றாம் வரிசையில் எண்ணெய் வழியத் தலைவாரிய ஒரு பெண் எழுந்தாள். “அஞ்சும் இருவத்தொண்ணும் இருவத்தாறு. ஆறும் இருவதும் இருவத்தாறு. எதிர் எதிரா எடுத்தா எல்லாமே இருவத்தாறுதான் சார். நடுவுல பதிமூணு, தராசு முள்ளு மாதிரி நிக்குது.”

சார் கைதட்டவில்லை, ‘வெரி குட்’ சொல்லவில்லை. “அப்ப நாலுக்கு நாலு எடுத்தா?” என்றார்.

அவள் காலண்டர் பக்கத்தில் போய் நின்றாள். ஒன்றிலிருந்து ஆரம்பித்துப் பதினாறு கட்டம். நடுவில் ஒரு கட்டம் இல்லை. விரலால் எதிர் எதிராகத் தொட்டுக்கொண்டே போனாள். எல்லா ஜோடியும் இருபத்தாறு. பாதி பதிமூன்று. ஆனால் அவள் எடுத்த பதினாறு கட்டங்களில் பதிமூன்றே கிடையாது. பதினொன்றோடு வரிசை முடிந்து பதினைந்தில் அடுத்தது தொடங்குகிறது. “முள்ளு வெளியில இருக்கு சார்!” என்று கத்தினாள். நான் அதுவரை அதைக் கவனித்ததில்லை. அன்றைக்குச் சுண்டல் தாமதமாகத்தான் போயிற்று.

1995-ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்று இருக்கிறது. ‘பொன்னாடை 6’ என்று சிவப்பு மையில். முதல் தடவையாகப் பெரிய அளவில் கணக்குக் கண்காட்சி வைத்தோம். நன்கொடை கொடுத்த பிரமுகரும் அவர் அழைத்து வந்தவர்களும் மேடையில். ஒருவர் இன்னொருவருக்குப் பொன்னாடை போர்த்த, அவர் இவரைப் பற்றிப் பேச, இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. பிள்ளைகள் அட்டையில் செய்த மாடல்களைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். பிதாகரஸ் தேற்றத்துக்குச் சதுரங்கள் ஒட்டி எடுத்து வந்த ஒரு பையனுடைய பசை இளகி, சிறிய சதுரம் இரண்டும் கழன்று விழுந்தன. கர்ணத்தின் சதுரம் மட்டும் கையில் மிச்சம். மேடையில் இருந்தவர்கள் எழுந்து மாடல்களைப் பார்க்க எடுத்துக்கொண்டது பத்து நிமிஷம்.

அடுத்த செயற்குழுவில் சார் பொன்னாடைச் செலவை ரத்து செய்யத் தீர்மானம் கொண்டுவந்தார். நன்கொடையும் அதோடு நின்றது. நம் ஊரில் ஒரு சங்கத்தின் தலைவர் என்றால் நாற்காலி, மாலை, மைக். அறிவியலுக்கு என்று ஆரம்பித்த சங்கமும் அதற்குத் தப்புவதில்லை. இன்றைக்கு மேடைக்குப் பதில் அறிக்கைகள் வந்திருக்கின்றன. வழவழ தாளில் தலைவரின் படம், பக்கத்தில் சிரிக்கிற குழந்தை. குற்றம் சொல்லவில்லை. குப்பம் என்ற ஊரில், 1999-இல் தொடங்கிய அகஸ்தியா அறக்கட்டளை செய்வதுபோல், நடமாடும் ஆய்வகங்களை ஊர் ஊராக அனுப்ப வேண்டுமென்றால் சுண்டல் காசு போதாது. பணம் வேண்டும், அதைத் திரட்டத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் வகுப்பறையில் போய் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் பேசாமல் இருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

தலைவரின் பெயரை முன்னால் நிறுத்தாமல் நடத்திக் காட்டிய ஒரு சேதியும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டம். 1972-இல் கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் செய்து பார்த்துக் கற்பிக்கத் தொடங்கின. 1978-இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982-இல் இதற்கென்றே ஏகலவ்யா பிறந்தது. பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். பிள்ளைகளுக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் சவாலிராமுக்குக் கடிதம் போடலாம், பதில் வரும். சவாலிராம் என்று ஓர் ஆள் கிடையாது. பதில் எழுதுகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பெயர் மட்டும் மாறாது. இதைப் படித்த அன்று சார் மன்றத்தின் லெட்டர்பேடில் தன் பெயரை அடித்துவிட்டு ‘செயலாளர்’ என்று மட்டும் வைத்துக்கொண்டார்.

2002-இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பது வருஷ உழைப்பு. பள்ளிகளில் கதவு சாத்தப்பட்டபின் ஏகலவ்யாக்காரர்கள் கடையைக் கட்டவில்லை. புத்தகம், சிறுவர் பத்திரிகை, ஆசிரியர் பயிற்சி என்று வேறு வாசல் வழியாக உள்ளே போனார்கள். அதற்கு அவர்களிடம் அடுத்த வரிசை ஆட்கள் இருந்தார்கள்.

எங்களிடம் இல்லை. 2003-இல் சார் தானாக விலகினார். எழுபது ஆகிவிட்டது, இனி நீங்க பாருங்க என்று சாவியை என்னிடம் கொடுத்தார். “அடுத்த பொருளாளரை இப்பவே தேடுங்க. உங்களைவிடச் சின்ன வயசா இருக்கணும்” என்றார். தேடுகிறேன் என்றேன். என் மகளின் படிப்பு வந்தது, இடமாற்றம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் மாதம் இரண்டாகி, பிறகு ஒன்றாகி, பிறகு ஆண்டுவிழா மட்டும் என்றாயிற்று. யாரும் மன்றத்தைக் கலைக்கவில்லை. நான்தான் ஆள் தேடவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கையிருப்பு ரூ. 412.50. வட்டியோடு இப்போது கொஞ்சம் கூடியிருக்கும். போன வாரம் வங்கிக்குப் போய் விசாரித்தேன். கணக்கு இயக்கத்தில் இல்லை, இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். சார் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது.