கிரேயூஸ் முனையில் ஒரு சித்திரம்

ஸ்பெயின் தேசத்தில், பிரனீஸ் மலை கடலில் இறங்கும் கிரேயூஸ் முனையிலே படகேறினோம். ஸர்ரியலிஸச் சித்திரக்காரர் ஸால்வடார் டாலி 1931-ல் தீட்டிய 'நினைவின் நிலைபேறு' சித்திரத்தை அச்சில் கண்டு, "கடியாரமாவது, துணிபோல் தொங்குவதாவது!" என்று நகைத்தவர்கள்தாம் நாம்.

இங்கே காற்றும் உப்பும் அரித்த பாறைகளுக்கு ஒட்டகம், கழுகு என்றெல்லாம் செம்படவர்கள் பெயர் சூட்டியிருக்கிறார்கள். படகு சற்றே நகர்ந்தது, ஒட்டகத்தைக் காணோம்! மாறியது பாறையன்று, நாம் நின்ற இடந்தான்.

சித்திரத்தின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. கடியாரங்கள் குழைகின்றன, பின்னணியில் பொன்னொளி வீசும் இந்தக் கரைப் பாறையோ குழையவில்லை. காலம் உருகினாலும் சொந்த மண் உருகுவதில்லை. யுத்த காலத்தில், 1940-ல், அமெரிக்கா சென்ற டாலியும் 1948-ல் இக்கரைக்கே திரும்பினார் அல்லவா?

சித்திரம் இருப்பது நியூயார்க்கில். அதன் உயிர் இருப்பது இங்கே.