வாங்காத துப்பாக்கி

மனிதர் சேர்க்கும் பொருள்கள் பலவிதம். ஒருவர் தபால் தலை சேர்ப்பார். ஒருவர் பழங்காசு சேர்ப்பார். வேறொருவர் பணமே சேர்த்து அதைப் பார்த்துக்கொண்டே காலங் கழிப்பார். எனக்கு வாய்த்த ஆசையைச் சொன்னால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நெம்புகோல் ரைபிள் என்னும் அமெரிக்கத் துப்பாக்கியின்மீது எனக்குச் சிறு வயது முதலே தீராத மோகம். சுங்கை புரோங்கிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தொலைவிலிருந்த ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். எழுபது வயது நெருங்குகிறது. இதுவரை ஒரு துப்பாக்கியும் எனக்குச் சொந்தமாய் இருந்ததில்லை. இனி இருக்கப் போவதுமில்லை. ஆயினும், முதல் ரைபிளை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதன்பின் தொகுப்பை எப்படி வளர்ப்பது என்பதை அரை நூற்றாண்டாக ஆராய்ந்திருக்கிறேன். அந்த ஆராய்ச்சி எனக்குப் பெருமையையும் தந்தது. பெரியதோர் அவமானத்தையும் தந்தது. இரண்டையும் மறைக்காமல் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1960களில் எங்கள் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். தமிழ்ப் படங்களுக்கு நடுவே ஒருநாள் அமெரிக்கக் குதிரை வீரர் படம் ஒன்று வந்தது. பேச்சு எங்களுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. கதாநாயகன் குதிரைமீதிருந்தபடியே, விசைக்குக் கீழே வளையம்போல் தொங்கும் பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தான், வெடித்தது. மீண்டும் தள்ளினான், இழுத்தான்; மீண்டும் வெடித்தது. தோளிலிருந்து துப்பாக்கி இறங்கவேயில்லை.

நான் அதுவரை கண்ட துப்பாக்கி ஒன்றே ஒன்று. அது எங்கள் ஜாகாவின் கையிலிருந்த ஒற்றைக் குழல் ரவைத் துப்பாக்கி. இளஞ் செம்பனைக் கன்றுகளின் குருத்தைத் தின்ன வரும் காட்டுப் பன்றிகளை விரட்ட அவர் அதை வைத்திருந்தார். ஒருமுறை சுட்டால் நடுவே மடித்து, வெற்றுத் தோட்டாவை எடுத்து, வேறொன்றைப் போட்டு, மீண்டும் நிமிர்த்த வேண்டும். அதற்குள் பன்றி அடுத்த தோட்டத்துக்கே போய்விடும். திடலில் அன்றிரவு கண்ட துப்பாக்கிக்கும் இதற்குமுள்ள பேதம் என் தூக்கத்தைக் கெடுத்தது.

பின்னர் நான் தோட்டத்துத் தொழிற்சாலைப் பட்டறையில் பணியாளனானேன். துரையின் பங்களாவிலிருந்து பழங் காகிதமாக வந்து விழும் ஆங்கிலப் பத்திரிகைகளில் துப்பாக்கிகளைப் பற்றிய பக்கங்களை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்வேன். அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாய்ப் படித்தேன். யந்திரம் அறிந்தவனுக்கு அந்தப் படங்கள் கவிதையினும் இனியவை. வின்செஸ்டர் கம்பெனியின் 1873ஆம் ஆண்டு மாதிரியில் குழலின் பின்வாயை மூடிப் பிடிப்பது எது தெரியுமா? நம் முழங்காலைப் போன்ற ஒரு மூட்டு. கால் நேராக நிற்கும்போது உடலின் பாரம் முழுவதையும் தாங்குகிறது. முழங்காலை மடக்கினால் உடல் இறங்கிவிடுகிறது. அவ்வாறே நெம்புகோல் மேலே இருக்கையில் அந்த மூட்டு நேராக நின்று வெடியின் உதையைத் தாங்கும். கீழே தள்ளினால் மூட்டு மடிந்து, வெற்றுத் தோட்டாவை வெளியே எறியும்; மேலே இழுத்தால் புதிய தோட்டாவை உள்ளே தள்ளும். நான் அந்த மூட்டை மட்டும் ரப்பர் மரத்தில் செதுக்கி, ஒரு பலகையில் பொருத்தி, வந்தவருக்கெல்லாம் ஆட்டிக் காட்டுவேன். அதில் எனக்கு அளவற்ற பெருமை.

அந்த வம்சத்தின் வரலாறு 1860இல் ஹென்றி என்பார் உரிமை பெற்ற ரைபிளிலிருந்து புகழ் பெறுகின்றது. அதன் குழலுக்கடியில் 16 தோட்டாக்கள் வரிசையாகக் கிடக்கும். 1866இல் பக்கவாட்டில் ஒரு சிறு கதவு வைத்துத் தோட்டா நிரப்பும் வசதி வந்தது. 1873 மாதிரி ஏழு லட்சத்துக்கு மேல் விற்றது. பிறகு ஜான் பிரௌனிங் என்னும் மேதை 1886, 1892, 1894 மாதிரிகளை வகுத்தார். இவற்றுள் 1894 மாதிரி புகையில்லா மருந்துக்கு ஏற்றதாகி, எழுபது லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. முதல் உலகப் போரில் ருஷியா கூட ஏறத்தாழ மூன்று லட்சம் நெம்புகோல் ரைபிள்களை வாங்கியது. அவை 1895 மாதிரியைச் சேர்ந்தவை.

சட்டம் இடந்தரும் நாட்டில், முதல் ரைபிளைத் தேடும் இளைஞன் ஒருவன் என்னைக் கேட்டால் நான் சொல்லத் தக்கது இதுதான். முதலில் .22 என்னும் சிறு தோட்டாவுக்கானதை எடுக்கவேண்டும். மார்லின் 39ஏ அதற்கு நல்ல உதாரணம். உதை குறைவு, தோட்டாச் செலவு குறைவு. ஆகவே பழகக் கை கூசாது. இரண்டாவதாக .30-30 தோட்டாவுக்குரிய வின்செஸ்டர் 1894ஐயோ மார்லின் 336ஐயோ எடுக்கலாம். பழைய வின்செஸ்டர் வெற்றுத் தோட்டாவை மேலே எறியும். மார்லின் பக்கவாட்டில் எறியும். ஆகையால் மேலே தூரக்கண்ணாடி பொருத்த விரும்புவோர்க்கு மார்லினே தக்கது. இன்னொரு நுட்பமும் உண்டு. குழாய்க்குள் வரிசையாகக் கிடக்கும் தோட்டாக்களில் ஒன்றின் முனை அதற்கு முன்னுள்ளதன் பின்புற வெடிப்பொட்டில் முட்டிக்கொண்டிருக்கும். முனை கூராயிருந்தால் உதையின் அதிர்ச்சியில் உள்ளேயே வெடிக்கக்கூடும். அதனால்தான் அவற்றுக்கு மழுங்கிய முனை வைத்தார்கள். சுழலும் அறையில் தோட்டாக்களைத் தனித்தனியே வைத்த சாவேஜ் 99 கூர்முனைத் தோட்டாவை அஞ்சாமல் ஏற்றது.

பழையதை வாங்குவோன் குழலின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; திருகாணிகளின் தலை சிதைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; சிதைந்திருந்தால் யாரோ அறியாதவன் கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். மங்கிய நிறத்தைப் பளபளப்பாக்கினால் அழகு கூடும், மதிப்பு குறையும். தொகுப்பை வளர்ப்பவன் எண்ணிக்கையைப் பெருக்காமல் ஒரு நோக்கத்தைப் பின்பற்ற வேண்டும். பத்துத் துப்பாக்கி உள்ளவன் கடைக்காரன். ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படிப் பிறந்தது என்று காட்டும் மூன்று உள்ளவனே தொகுப்பாளன். இவற்றையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஒரு துப்பாக்கிக்கு ஒரு பக்கமாக எழுதி வந்தேன். அதுவே என் தொகுப்பு.

நம் நாட்டுச் சட்டமோ வேறு. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்க இயலாது. அதே ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புப் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிமமற்ற துப்பாக்கியோடு பிடிபட்டவனுக்கு மரண தண்டனை விதித்தது. அச்சட்டம் 2012இல்தான் நீங்கியது. 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றத் தண்டனைச் சட்டம் பதினான்கு ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது; அது இன்றும் நிற்கிறது. இதை நான் நன்கறிவேன். ஆனால் அறிவு வேறு, வாய் வேறு.

என் பட்டறைப் பலகையை ஆவலோடு பார்த்தவர்களில் ஒருவன் என் பால்ய நண்பன். பால்வெட்டில் எங்கள் தோட்டத்திலேயே அவன் கை முதற் கை. பட்டை காயப்படாமல் மெல்லிசாய்ச் சீவுவான். 1970களின் இறுதியில் ஒருநாள் அவன் தனியே வந்து, “அடே, மரத்தில் செய்ததை இரும்பில் செய்து கொடு. பன்றிக்குத்தான். வழியெல்லாம் உனக்குத்தானே தெரியும்!” என்றான். நான் பயந்து மறுத்துவிட்டேன். மறுத்தேனேயன்றி, அந்த எண்ணமே கூடாதென்று இடித்துரைத்தேனா? இல்லை. “அதற்கு நல்ல எஃகு வேண்டும், அளவெடுக்கும் கருவி வேண்டும், இங்கே ஆகாது” என்று மறுப்பிலும் என் வித்தையைத்தான் காட்டிக்கொண்டேன். உயிர் போகும் காரியம் என்று சொல்வதற்கு மாறாக, வித்தை போதாது என்று சொன்னேன். இந்த நுண்ணிய வேற்றுமைதான் ஒரு மனிதனின் கையைப் பறித்தது.

அவன் வேறெவனிடமோ தண்ணீர்க் குழாயில் ஒரு நாட்டுத் துப்பாக்கி செய்வித்துக்கொண்டான். முதல் வெடியிலேயே அது பின்புறம் பிளந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. பெருவிரல் மடங்காமல் நின்றது. பட்டாசு வெடித்ததென்று கேட்டவர்க்கெல்லாம் சொன்னார்கள். அவன் மனைவி துணியில் சுற்றி ஆற்றில் எறிந்த இரும்பு அவளோடும் எங்களோடும் மறைந்தது. உளியைப் பிடிக்க முடியாத கைக்குத் தோட்டத்தில் என்ன வேலை? அவன் களை பிடுங்கினான். என்மீது ஒருநாளும் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்கு அது பெரும் ஆறுதலாயிருக்கும்.

சில நாள் கழித்து என் பாட்டனார் அந்த நோட்டைப் படித்துக் காட்டச் சொன்னார். அவருக்கு எழுத்து வாசனை இல்லை. நான் ஹென்றி முதல் சாவேஜ் வரை படித்து முடித்தேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “ஏனப்பா, சுடுகிறவனைத்தான் எழுதியிருக்கிறாய். துப்பாக்கிக்கு முன்னால் நின்றவனை எங்கே எழுதியிருக்கிறாய்?” என்று கேட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணமிருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் உறவினர் வீட்டில் அங்கே இருந்தார். கூலி உயர்வு மட்டுமா அவர்கள் கேட்டது? துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும், பெண்களிடம் முறைகேடாய் நடப்பது ஒழிய வேண்டும், கள்ளுக்கடை மூட வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும் என்று கேட்டார்கள். முன்னின்ற பத்திரிகையாளர் ஆர். எச். நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் வந்தன. குண்டுபட்டுத் தொழிலாளர் ஐவரேனும் மாண்டனர். “சைக்கிளில் உட்கார்ந்தபடி போகலாமா என்று கேட்டதற்கு அப்பா அந்தக் குண்டு” என்றார் பாட்டனார். அங்கே முழங்கியது நெம்புகோல் ரைபிள் அன்று என்று சொல்ல என் நாக்கு எழுந்தது; நல்லவேளை, அடங்கிவிட்டது.

அன்று முதல் என் நோட்டின் வடிவம் மாறியது. இடப்பக்கத்தில் துப்பாக்கியின் வேலைப்பாடு. வலப்பக்கத்தில் அதற்கு முன்னால் நின்றவர். முதல் வலப்பக்கத்தில் பெயரில்லாமல் என் நண்பனின் கையைப் பற்றி எழுதினேன். பிறகு தேடத் தேடப் பக்கங்கள் நிறைந்தன. வின்செஸ்டர் மேற்கு நாட்டை வென்றதென்று விளம்பரம் செய்தார்கள். வெல்லப்பட்ட நிலம் யாருடையது என்று விளம்பரம் சொல்லவில்லை. அதே சமயம், துப்பாக்கி எப்போதும் ஒரே பக்கத்தில் நின்றதென்றும் சொல்வதற்கில்லை. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட்ட கஸ்டரின் படையை எதிர்த்த பழங்குடி வீரர் பலரிடம் ஹென்றியும் வின்செஸ்டரும் இருந்தன. 1892இல் ஐடா பி. வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, தம் மக்களைக் கும்பல்கள் தூக்கிலிட்டுக் கொல்வதைச் சட்டம் தடுக்காத நிலையில், ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் வின்செஸ்டருக்குக் கௌரவமான இடம் இருக்கவேண்டும் என்று எழுதினார். அந்தப் பக்கத்தை எழுதிய இரவு எனக்கு உறக்கமில்லை. பாதுகாப்பற்றவன் துப்பாக்கியை நாடுகிறான் என்றால், பழியை முதலில் எங்கே வைப்பது? அவனைக் காக்கத் தவறிய சமுதாயத்தின் தலையில் அல்லவா?

ஆனால் என் நண்பன் பயந்து துப்பாக்கி கேட்கவில்லை. நான் காட்டிய அழகில் மயங்கிக் கேட்டான். நம் இளைஞர் பலர் இன்று ஆயுதத்தை நாடுவதும் அந்த மயக்கத்தால்தான். கையில் இரும்பு இருந்தால் வீரம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். 1941இல் வெறுங்கையோடு நின்று, சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று சொன்னவர்களுக்கு இருந்தது வீரம் இல்லாவிட்டால், வேறு எதற்கு அந்தப் பெயரைச் சூட்டுவது?

அண்மையில் என் பேரனைக் கோலசிலாங்கூரில் மலாவத்திக் குன்றுக்கு அழைத்துச் சென்றேன். 1784இல் டச்சுக்காரர் பிடித்த கோட்டையை மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் மீட்டுக்கொண்ட இடம் அது. கடலை நோக்கியிருக்கும் பழம் பீரங்கியின்மீது குரங்குக் குட்டி ஒன்று உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தது. பேரன் என் நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தான். “தாத்தா, உங்களுக்கு அனுமதி கிடைத்தால் எதை முதலில் வாங்குவீர்கள்?” என்று கேட்டான்.

“கண்ணுக்கு 1873, கைக்கு 1894” என்று உண்மையையே சொன்னேன். ஆசை செத்துவிட்டதென்று பொய் சொல்வானேன்? பிறகு நோட்டை அவன் கையில் கொடுத்து, “வலப்பக்கத்தை முதலில் படி. படித்து முடித்தபிறகும் வேண்டுமென்று தோன்றினால் இடப்பக்கத்துக்கு வா” என்றேன். அவன் பீரங்கியின் நிழலில் உட்கார்ந்து முதல் வலப்பக்கத்தைப் பிரித்தான்.