செத்துப்போன ஈடு

1974-ல் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் வாரம். மேனேஜர் ஒரு கடிதத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். 'மார்ட்கேஜ்' என்று அழுத்தமாகப் படித்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். "தம்பி, அந்த 'டி' எழுதுறதுக்கு மட்டும்தான், வாயில வராது. மார்கேஜ்னு சொல்லுங்க" என்றார்.

வெட்கத்தோடு அவர் அலமாரியிலிருந்த தடித்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். பழைய பிரெஞ்சு மொழியில் 'மார்' என்றால் செத்தது, 'காஜ்' என்றால் ஈடு. இரண்டும் சேர்ந்தால் செத்த ஈடு! எட்வர்ட் கோக் என்ற 17-ம் நூற்றாண்டு ஆங்கிலேய நீதிபதி இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். கடனைக் கட்டத் தவறினால் நிலம் வாங்கியவனுக்குச் செத்தது. கட்டிவிட்டால் ஈடு கொடுத்தவனுக்குச் செத்தது. ஆக, எப்படியும் ஒரு சாவு உண்டு.

அதற்கும் முன்னால் வேறொரு கணக்கு இருந்ததைப் பிற்பாடு படித்தேன். நிலத்தின் வருமானம் கடனில் கழிந்துகொண்டே வந்தால் அது உயிருள்ள ஈடு. கழியாவிட்டால் செத்த ஈடு. நம்மூர் ஒத்தி பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்தான். மகசூல் வட்டிக்குப் போய்விடும். அசல் அப்படியே நிற்கும்.

எனக்கு இதைச் சட்டப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்கா கல்யாணத்துக்காக 1959-ல் அப்பா ஒரு ஏக்கர் நஞ்சையை ஒத்தி வைத்தார். அந்த வரப்பு வழியாகத்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். அம்மா மட்டும் கோயிலுக்குப் போனாலும் சரி, கடைக்குப் போனாலும் சரி, ஊரைச் சுற்றித்தான் போவாள். நம் வயலில் வேறொருவர் கதிர் அறுப்பதைப் பார்க்க அவளுக்கு மனசில்லை. நிலத்தை மீட்காமலே 1968-ல் அப்பா போய்ச் சேர்ந்தார்.

அகராதியில் படித்ததை அன்று இரவே அம்மாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "நெலமாடா செத்துச்சு? உங்கப்பால்ல செத்தாரு" என்றாள்.

மறுமாதமே ஒரு சீட்டில் சேர்ந்தேன். என் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தள்ளிப் போட்டேன். அதில் சிலருக்குக் கோபம்கூட. 1979 தை மாதம் பணத்தைக் கட்டிப் பத்திரத்தைத் திரும்ப வாங்கி வந்தேன். அம்மா அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் வெளியே கிளம்பினாள். எங்கே என்று கேட்டேன்.

"கடைக்கு" என்றாள். வரப்பு வழியாகப் போனாள்.