பிள்ளையின் பதிலுக்கு யார் காத்திருக்கிறார்கள்?

சித்திரை பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்தைச் சுற்றியிருக்கிற காலனிகளில் ஒரே பேச்சுதான். பிள்ளையை எந்த மீடியத்தில் போடுவது? மூன்று வயது முடிந்து, இன்னும் தன் மூக்கைத் தானே துடைக்கத் தெரியாத பிள்ளை. அதை அங்கன்வாடியிலேயே விடுவதா, அரசாங்கப் பள்ளி எல்.கே.ஜி.யா, வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிற இங்கிலீஷ் மீடியமா? இதைப் பெற்றவர்களின் பகட்டு என்று படித்த தோழர்கள் சிலர் பேசுகிறார்கள். அப்படித் தள்ளிவிட முடியாது. நம் பிள்ளை எந்த மொழியில் வாயைத் திறக்கப் போகிறது, திறந்தால் யார் காது கொடுக்கப் போகிறார்கள் என்கிற கேள்வி அது.

இந்த வருசம் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்தது. தம்பி மகளுக்கு நாலு வயது நடக்கிறது. தம்பி பட்டுத் தறியில் இருக்கிறான். “அக்கா, நம்ம வீட்ல நீதான் நாலு எழுத்து படிச்சவ. நீயே சொல்லு. அவ இங்கிலீஷ் பேசணும். அவ்ளோதான் எனக்கு” என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

சின்னப் பிள்ளையை வேறொரு மொழிக்குள் முழுசாக முக்கிவிட்டால் அது தானாகக் கற்றுக்கொள்ளும் என்கிறார்கள். மேல்நாட்டில் இதற்கு இம்மெர்ஷன் என்று பேர். 1965-ல் கனடாவில், மான்ட்ரியல் பக்கத்து செயின்ட் லாம்பர்ட் என்கிற ஊரில், இங்கிலீஷ் பேசுகிற பெற்றோர் விடாமல் கேட்டு, தங்கள் பிள்ளைகளுக்கு மழலையர் வகுப்பு முதலே பிரெஞ்சில் நடக்கிற வகுப்பை ஆரம்பிக்க வைத்தார்கள். பிள்ளைகள் பிரெஞ்சும் கற்றார்கள், இங்கிலீஷிலும் பின்தங்கவில்லை. அங்கிருந்துதான் இந்த முறை பல நாடுகளுக்குப் போனது. ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் வீட்டுமொழி அந்த நாட்டில் அதிகாரம் செய்த மொழி. டீச்சருக்கு இரண்டு மொழியும் தெரியும். ஆரம்பத்தில் பிள்ளை இங்கிலீஷில் கேட்டாலும் அதைப் புரிந்துகொண்டு பிரெஞ்சில் பதில் சொல்வார். வீட்டுமொழி பேசினாய் என்று யாரும் கேவலப்படுத்தவில்லை.

எனக்கும் ஒரு இம்மெர்ஷன் கிடைத்தது. 1991-ல், ஏழு வயதில். வீட்டுக்குக் கூரை மாற்ற அம்மா 1,500 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினாள். அதற்கு ஈடாக நான் தறிக்குப் போனேன். கோர்வைச் சேலைக்கு உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். வலது பக்கத்துக் கரைக்குத் தனி நாடா. அதை வாங்கித் திருப்பிப் போட நெசவாளி பக்கத்தில் ஒரு சின்னக் கை வேண்டும். அந்தக் கை நான். 1986-லேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. வீட்டார் தங்கள் குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. யாராவது வந்து கேட்டால் “எங்க வீட்டுப் பொண்ணு” என்பார் முதலாளி. தண்ணி கேட்டால் மட்டும் வீட்டுப் பொண்ணுக்குத் தனி டம்ளர்.

அந்த வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். காஞ்சிபுரத்து நெசவுக்காரர்களில் தெலுங்கு வீட்டுக்காரர்கள் நிறைய. காலை ஏழு மணியிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் என் காதில் விழுந்தது அந்த மொழிதான். ‘ரா’ என்றால் வா. ‘கூச்சோ’ என்றால் குந்து. ‘தொந்தரகா’ என்றால் சீக்கிரம். ஆறு மாதத்தில் அவர்கள் பேசுவது முக்கால்வாசி புரிந்துவிட்டது. என்னைப் பற்றிப் பேசுவதும் புரிந்தது. நாலு வருசம் அந்தத் தறிக்குழி ஓரம் குந்தியிருந்தேன். இன்றைக்கும் தெலுங்கு கேட்டால் புரியும். பேச ஒரு வாக்கியம் வராது.

ஏன் வரவில்லை என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அந்த நாலு வருசத்தில் என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, சொன்னார்கள். நான் செய்தால் போதும், பதில் பேசத் தேவையில்லை. ஏவல் மட்டும் விழுகிற காதுக்கு மொழி புரியும், ஆனால் அது வாய்க்கு வராது. ஒருத்தர் கேள்வி கேட்டு, நம் முகத்தைப் பார்த்து, நாம் தடுமாறுகிற வரைக்கும் காத்திருந்தால்தான் மொழி நம்முடையதாகும். முதலாளி வீட்டில் அப்படி யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை.

அட்வான்ஸ் கழிந்து, பதினொரு வயதில் காலனி மன்றத்து அண்ணன்கள் நடத்தின இரவுப் பள்ளியில் எழுத்துக்கூட்டி, பிறகு பள்ளியில் சேர்ந்தேன். முதல் வாரம் பக்கத்துப் பிள்ளையிடம் “ரவ தள்ளி குந்து” என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். “உட்கார் என்று சொல், இது சேரி இல்லை” என்றார். குந்து அருமையான தமிழ்ச் சொல். இஸ்துக்கினு, இட்டுக்கினு எல்லாம் தொண்டை மண்டலத்துச் சனங்களின் வாயில் புழங்குகிற பேச்சு. அதைப் பேசித்தான் நாற்று நட்டோம், பிணம் புதைத்தோம், பிள்ளை பெற்றோம். அன்றைக்கு எனக்குப் புரிந்தது, நம் பிள்ளைகளுக்கு முதல் அந்நிய மொழி பள்ளிக்கூடத் தமிழ்தான் என்று. அதனால் தாய்மொழிக் கல்வி என்று மேடையில் முழங்குகிறவர்களைப் பார்த்து ஒரு கேள்வி: யாருடைய தாயின் மொழி?

1999 நவம்பரில் தமிழக அரசு, ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோதான் பயிற்றுமொழி என்று ஆணை போட்டது. தனியார் பள்ளிக்காரர்கள் வழக்குக்குப் போனார்கள். 2000 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2014-ல் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றமும் தாய்மொழியைப் பயிற்றுமொழியாகக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. வசதியுள்ளவனுக்கு எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை. தெரிந்தெடுக்கிற உரிமை அவனிடமே இருக்கிறது. நம்மிடம் இருப்பது பீஸ் கட்டுகிற கடன்.

இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நம் முன்னோர் யாரும் சொல்லவில்லை. கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ‘பறையன்’ என்று பேர் வைத்துத் தமிழில் பத்திரிகை தொடங்கினார். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து இங்கிலீஷில் நம் வழக்கைச் சொன்னார். ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை. அம்பேத்கருக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அப்பா. ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்த அந்த மனுசன் மகனின் பதிலுக்குக் காத்திருந்தார். 2010-ல் உத்தரப் பிரதேசத்தில் பாங்கா என்கிற கிராமத்தில் தலித்துகள் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்ட ஆரம்பித்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் காஞ்சியில் கல்விக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. நாலாம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்கிற பிராமணன் கன்னட தேசத்திலிருந்து இங்கிருந்த கடிகைக்கு வேதம் படிக்க வந்த கதை தாளகுந்தா கல்வெட்டில் இருக்கிறது. இன்றைக்கும் பாடசாலையில் சின்னப் பையன்கள் அங்கேயே தங்கி, விடிகாலை முதல் சமஸ்கிருதத்தில் முங்கிக் கிடக்கிறார்கள். அதுவும் இம்மெர்ஷன்தான். அந்தப் பையன் தப்பாகச் சொன்னால் குரு நிறுத்தி, திருப்பிச் சொல்ல வைக்கிறார். ஒரு பிள்ளையின் வாய்க்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்பது இந்த ஊருக்கு நன்றாகவே தெரியும். யார் வீட்டுப் பிள்ளையின் வாய்க்கு என்பதுதான் பிரச்சினை.

நானும் தம்பியும் இரண்டு இடத்துக்குப் போய் அரை நாள் அரை நாள் இருந்து பார்த்தோம்.

ஒன்று தனியார் நர்சரி. சுவரில் ‘தமிழில் பேசக்கூடாது’ என்று எழுதியிருந்தது. பேசினால் ஐந்து ரூபாய் அபராதம். சரி, இங்கிலீஷ் எவ்வளவு நடக்கிறது என்று காதை வைத்துக் கேட்டேன். “சிட் டவுன். கீப் கொயட். ஃபிங்கர் ஆன் லிப்ஸ்.” அரை நாளில் பிள்ளைகள் கேட்டது இவ்வளவுதான். பிள்ளைகள் பாட்டைக் கூட்டாக ஒப்பித்தார்கள். தனியாக ஒரு பிள்ளையும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்து ஊர்ப் பெண், சொற்பச் சம்பளம், அவளுக்கே இங்கிலீஷ் பேச வராது. ஆனால் எனக்குக் ‘கூச்சோ, தொந்தரகா’ காதில் கேட்டது. தமிழைப் பிடுங்கிவிட்டு இங்கிலீஷும் கொடுக்காத வகுப்பு அது. பீஸ் வருசத்துக்கு 22,000, வேனுக்குத் தனி. தம்பி மறுபடி முதலாளியிடம்தான் அட்வான்ஸ் கேட்க வேண்டும். அன்றைக்குக் கூரைக்கு, இன்றைக்கு எல்.கே.ஜி.க்கு.

கட்டாயக் கல்விச் சட்டத்தில் 25 சதவீத இடம் இருக்கிறதே என்பீர்கள். நம் மாநிலத்தில் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே நம்மைக் குடிவைத்தவர்கள் பள்ளிகளை ஊருக்குள் கட்டினார்கள். தூரத்தை அளந்தால் சாதி வருகிறது.

இன்னொன்று அரசாங்க நடுநிலைப் பள்ளி. 2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 இடங்களில் ஆரம்பித்த எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளில் ஒன்று. 2022 ஜூனில் இவற்றைப் பள்ளிகளிலிருந்து எடுக்கப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள். இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஒரே டீச்சர், தொகுப்பூதியம். ஒரு வாண்டு எழுந்து, “மிஸ், பூன மீன இஸ்துக்கினு ஓடிப்போச்சி” என்றது. “அய்யய்யோ, இஸ்துக்கினு போச்சா? கேட் டுக் வாட்?” என்று கேட்டுவிட்டுக் குனிந்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது விழித்தது, விரலைச் சப்பியது, கடைசியில் “ஃபிஷ்” என்றது. “எஸ், எ பிக் ஃபிஷ்!” என்றார். தம்பி என்னைப் பார்த்தான்.

தம்பி மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. “அண்ணி, அது காலனி ஸ்கூலு. ஊருக்காரங்க ஒருத்தரும் அங்க சேக்கறதில்ல. நம்ம புள்ளைங்க நம்ம புள்ளைங்களோடவே கெடக்கணுமா?” என்றாள். அவள் சொன்னது நிஜம். 1838-ல் சென்னையில் ஆண்டர்சன் பாதிரியார் நடத்தின இங்கிலீஷ் பள்ளியில் பறையர் பிள்ளைகள் சேர்ந்தது தெரிந்ததும் மேல்சாதிப் பிள்ளைகள் கும்பலாக வெளியேறினார்கள். அவர் நம் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார். காஞ்சிபுரத்தில் அவர் பேரில் இன்றும் பள்ளி இருக்கிறது. வெளியேறுகிற பழக்கமும் இருக்கிறது. அன்றைக்கு நடந்து வெளியேறினார்கள், இன்றைக்கு வேனில். அவர்கள் பின்னாலேயே நாமும் கடன் வாங்கி ஓடினால், அந்த நர்சரியைக் காலனி நர்சரி என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள்.

இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். பிள்ளை அரசாங்க எல்.கே.ஜி.யில் சேர்ந்திருக்கிறாள். தம்பி மனைவி சும்மா இருக்க மாட்டேன் என்று சொல்லி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போகிறாள். எல்.கே.ஜி.க்குத் தனி டீச்சர், யு.கே.ஜி.க்குத் தனி டீச்சர், தொகுப்பூதியம் இல்லாத நிரந்தர வேலை, இங்கிலீஷைப் பேசிப் பழகுவதற்கு அந்த டீச்சர்களுக்குப் பயிற்சி. இதுதான் அவள் எழுதிக் கொடுத்த தீர்மானம். கிராம சபையிலும் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

இயக்கத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழா இங்கிலீஷா என்று நமக்குள் மோதிக்கொள்வது போதும். உங்கள் பக்கத்துப் பள்ளியில் போய் அரை நாள் குந்துங்கள். டீச்சர் கேட்கிற கேள்வி எத்தனை, போடுகிற உத்தரவு எத்தனை என்று எண்ணுங்கள். பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் பதில் சொன்னால் அடி விழுகிறதா, அடுத்த கேள்வி வருகிறதா என்று பாருங்கள். அடுத்த கேள்வி வருகிற வகுப்பில் நம் பிள்ளை இங்கிலீஷும் பேசும், எந்த மொழியும் பேசும். அப்படிப்பட்ட வகுப்பு நம் தெருவுக்கு நடந்துபோகிற தூரத்தில், காசில்லாமல் வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.