சாலைக்கு மட்டும் ஒரு காடு

கேத்தி தாண்டி லவ்டேலுக்கு ஊட்டி ரயில் மூச்சு வாங்கி ஏறுகையில் முதலில் உள்ளே வருவது யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்து வாசம்தான், இல்லையா? மழை விட்ட மறுநாள் என்றால் கேட்கவே வேண்டாம். சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும்.

அந்த நாட்களில் கூப்பு, அதாவது மரவெட்டு, தொடங்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். ரெண்டு பேர் இழுக்கும் ரம்பத்தின் உறுமல், 'ஏய்... விலகு!' என்றொரு கூவல், அப்புறம் காலடியில் தரை அதிர்வது. பட்டை உரித்த கட்டைகள் லாரியேறி, கூழாவதற்குச் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குப் போகும். சீகை மரமென்றால் பட்டை தோல் பதனிட, கட்டை அடுப்பெரிக்க. மிஞ்சும் தழையெல்லாம் ஓடையோரத் தைலக் கொட்டகைக்கு. அங்கே ஒரு பாட்டி, அவித்துக் காய்ந்த சக்கையையே தீயில் தள்ளியபடி உட்கார்ந்திருப்பார். தை மாத உறைபனியில் பள்ளிக்கூடம் போகும் வழியில் கை காயவைக்க நின்றால், விரல் நுனித் தைலத்தை நெற்றியில் இழுத்துவிட்டு, 'ஓடு சாமி' என்பார்.

மரம் வெட்டும் மேஸ்திரி சாலையோரத்து ரெண்டு மூணு வரிசையை மட்டும் தொடமாட்டார். 'சீசனுக்கு வர்ற ஜனம் மொட்டை மலையையா பார்க்கணும்?' பஸ்ஸில் போனவர்களுக்குக் காடு இருந்தது. ரயிலில் வந்தவர்களை ஏமாற்ற முடியாது. எதிர்ச்சரிவு, நாவிதர் பாதியில் எழுந்து போன தலை மாதிரி, சதுரம் சதுரமாகத் தெரியும். அளவு நூல் பிடிக்காமல் மலையின் மடிப்போடு வளைந்து வெட்டியிருந்தால் கண்ணை இத்தனை உறுத்தியிருக்காது. ஆனால் ரெண்டு மழைக்காலம் போனால் அடிக்கட்டைகள் துளிர்த்துவிடும். வட்ட வட்டமான இளம் இலைகள், சாம்பல் பூத்த நீலத்தில். வெயில் சாயும் நேரத்தில் சரிவே நீலமாகிவிடும்.

அந்தக் காடே நட்ட காடுதான். 1843 வாக்கில் வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம், விறகுக்காகப் பரப்பினார்கள். அதற்கு முன்னால் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி, பள்ளங்களில் சோலை. அந்தக் காட்சி மறைந்தபோது அவர்களை யார் கேட்டார்கள்? நியாயம் புரிகிறது. அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்டபோது, சரிதான் என்று தலையாட்டியவன்தான் நானும். மூக்குக்குத்தான் நியாயம் எட்டமாட்டேன் என்கிறது.

சிறுமுகை ஆலை மூடிப் பல காலம் ஆயிற்று. கட்டை லாரிகளுக்காக பஸ் ஒதுங்கி நின்ற வளைவில் இப்போது வரிசையாகத் தைலக் கடைகள். எங்கே காய்ச்சியது என்று ஒரு கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். 'பாட்டில்லயே வருதுண்ணா' என்றான்.