கூர் தீட்டிய கோல்

உலோகங்களை இணைக்கும் முறைகளுள் ‘டிக் வெல்டிங்’ என்பது நுட்பம் மிக்கது. கோவை கணபதியில் என் பழைய மாணாக்கர் ஒருவர் நடத்தும் பட்டறையில் அதனைப் பலகாலும் கண்டுள்ளேன். மெல்லிய கோல் ஒன்றின் முனையினின்று மின்சுடர் எழுகின்றது. ஆர்கான் வாயு அதனைச் சூழ்ந்து நின்று காற்றைத் தடுக்கின்றது. எவர்சில்வர் தகடு உருகுகின்றது, கோலோ உருகுவதில்லை. அது டங்ஸ்டனால் ஆயது. டங்ஸ்டன் உருக 3422 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். உலோகங்களுள் இத்துணை வெப்பம் தாங்குவது வேறொன்றில்லை.

அக்கோலைத் தீட்டும் முறையே என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. ஓலையில் எழுதிய என் பாட்டனார், எழுத்தாணியின் முனை கெட்டால் எழுத்தும் கெடும் என்பார். இங்கும் அஃதே. 2.4 மில்லிமீட்டர் தடிப்புள்ள கோலாயின், நுனியில் ஐந்தாறு மில்லிமீட்டர் நீளத்திற்குச் சரிவாகத் தீட்டுவர். சாணைக்கல்லின் கீறல்கள் கோலின் நீளவாட்டில் ஓடுதல் வேண்டும். சுற்றி ஓடினால் சுடர் நேர் நில்லாது அலையும். ஊசி போன்ற நுனியையும் சற்றே மழுக்கிவிடுவர். இன்றேல் அஃது உதிர்ந்து, உருகிய உலோகத்துள் விழும். இதற்கென்றே தனிச் சாணைக்கல் உண்டு. இரும்பு தேய்த்த கல்லில் இதனைத் தேய்ப்பதில்லை.

மாணவர்களே, எந்தக் கோலைத் தெரிந்தெடுப்பது என்பது இதனினும் பெரிய வினா. கோலின் தலையில் வண்ணப் பட்டை இருக்கும். பச்சை, தூய டங்ஸ்டன். நீலம், லாந்தனம் கலந்தது. சிவப்பு, தோரியம் 2 விழுக்காடு கலந்தது. தோரியம் தமிழகத்திற்குப் புதியதன்று. அதனைத் தரும் மோனசைட்டு மணலை மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலைத்திரியிலும் தோரியம் இருந்தது. என் இளமையில் எங்கள் ஊர்த் திருவிழா அவ்வொளியில்தான் நடைபெற்றது.

ஆயினும் தோரியம் கதிர்வீசும் பொருள். கோலைக் கையில் எடுப்பதால் பெருந்தீங்கில்லை. தீட்டும்போது எழும் பொடியே கொடிது. அது மூச்சுடன் நுரையீரலுட் புகுந்தால் அங்கே நெடுநாள் தங்கிக் கதிர் வீசும், புற்றுநோய்க்கும் காரணமாகலாம். அப்பட்டறையில் தொழில் பழகும் இளைஞர்கள் மூக்கையும் வாயையும் மூடாமலே சிவப்புக் கோலைத் தீட்டிக்கொண்டிருந்தனர். யான் வினவியபோது, “சிவப்பில் சுடர் எளிதிற் பற்றும், ஐயா! கையும் அதற்கே பழகிவிட்டது” என்றார் மாணாக்கர். அவர் கூறியது மெய்யே. ஆனால், நீலக் கோலிலும் சுடர் எளிதிற் பற்றும். அதில் அந்தக் கதிர்வீச்சு அச்சமில்லை. பழக்கம் என்பதற்காக இளைஞர்தம் நுரையீரலை விலையாகக் கொடுப்பது முறையாகுமா?

சில நாள் கழித்து அவர் நீலக் கோல்களை வாங்கினார். மூத்த தொழிலாளர் ஒருவர் மட்டும் இன்னும் சிவப்பையே விரும்புகின்றார். அவர் தீட்டுமிடத்தில் பொடியை உறிஞ்சும் குழாய் அமைத்துள்ளனர். அவரும் முகக்கவசம் அணிகின்றார். கீழே விழும் பொடியைத் துடைப்பத்தால் பெருக்குவதில்லை. ஈரத்துணியால் ஒற்றியெடுத்துத் தனியே கட்டிவைக்கின்றனர்.